எழுதி வைத்த வர்ணங்கள்

எட்வர்ட் ஏட்ரியன் வில்சன் தென் துருவக் கண்டத்தில் தீட்டிய நீர்வர்ணச் சித்திரங்களைக் கண்டு மகிழ்கிறவர்கள், அவற்றுக்கு மூலமாய் இருந்த பென்சில் ஏடுகளையும் ஒரு முறையேனும் பார்த்துவிட வேண்டும். மலையின் விளிம்பும் பனியாற்றின் வெடிப்பும் மேகத்தின் அடுக்கும் அந்த ஏடுகளில் மெல்லிய கோடுகளாக இறங்கியிருக்கும். அக்கோடுகளுக்கு இடையிடையே, எந்த இடத்தில் எந்த வர்ணம் நின்றது, அது எங்கே தொடங்கி எங்கே கரைந்தது, அதற்கு மேலிருந்த வானம் அதைவிட எவ்வளவு வெளிறியிருந்தது என்னும் விவரங்கள் சிறு சிறு சொற்களாக எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேசத்தில் தூரிகையை நீரில் தோய்த்தால் அது காகிதத்தைத் தொடுவதற்குள் உறைந்துவிடும். கம்பளிக் கையுறையை விட்டு வெளியே வந்த விரல்கள் ஓரிரு நிமிஷங்களில் மரத்துப்போகும். ஆகவே வெளியே நிற்கும்போது கோட்டையும் சொல்லையும் மட்டுமே அவர் தாளில் பதித்தார். பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்து, குடிலுக்குள் விளக்கடியில் அமர்ந்து, தாம் எழுதி வைத்த சொற்களைப் படித்துப் படித்து வர்ணங்களைக் குழைத்தார்.

இந்த முறையை வெறும் சௌகரியத்துக்காக ஏற்பட்ட உபாயம் என்று எண்ணி மேலே சென்றுவிடுவது எளிது. எனக்கோ அதிலேதான் அவருடைய கலையின் உயிர் இருப்பதாகத் தோன்றுகிறது. கண்ட வர்ணத்தைச் சொல்லால் குறிக்க வேண்டுமானால், அதை முதலில் நிதானமாய்ப் பார்த்து, பக்கத்து வர்ணத்தோடு ஒப்பிட்டு, இன்னது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். தூரிகை கையில் இருப்பவன் ஒரு நீலத்தைத் தடவிப் பார்த்து, சரியில்லையென்றால் மேலே இன்னொன்றைப் பூசித் தன் சந்தேகத்தை மறைத்துக்கொள்ளலாம். பென்சில் மாத்திரம் கையில் இருப்பவனுக்கு அந்தப் புகலிடம் கிடையாது. நோயாளியின் படுக்கையருகே நாடியையும் நாவின் நிறத்தையும் தோலின் வெம்மையையும் குறித்துக்கொள்ளும் வைத்தியனுக்கும், கத்தியால் பிளந்த பறவையின் குடலில் கண்டதைக் கண்டபடி எழுதும் பிராணி சாஸ்திரிக்கும் இப்பழக்கம் இயல்பாக வரும். வில்சன் இவ்விருவராகவும் இருந்தார். அவருடைய விஞ்ஞானம் சித்திரக் கலைக்கு அருகே வைத்த இன்னொரு தொழிலாக நிற்கவில்லை; அதுவே சித்திரத்துக்கு முதுகெலும்பாய் அமைந்தது.

அவர் 1872-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி இங்கிலாந்தின் செல்டனாம் நகரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். பிள்ளைப் பிராயத்திலிருந்தே ஊருக்கு வெளியே குன்றுகளிலும் தோப்புகளிலும் அலைந்து, பறவைகளையும் பூக்களையும் பார்த்து, பார்த்ததை வரைந்துகொண்டிருந்தவருக்குச் சித்திரம் கற்பித்த ஆசிரியர் என்று சொல்லத்தக்கவர் எவரும் இலர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறி, லண்டனில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் கற்கும் காலத்தில், ஓய்வு நேரங்களில் டர்னரின் நீர்வர்ணச் சித்திரங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். ரஸ்கின் எழுதியவற்றை ஒரு சீடனுக்குரிய பக்தியோடு படித்தார். இயற்கையை உள்ளது உள்ளபடி காண்பதே சித்திரக்காரனின் தர்மம் என்னும் ரஸ்கினுடைய கொள்கை வேறு பலருக்குப் புத்தகத்தில் தங்கிய உபதேசமாய் இருந்திருக்கலாம். இவருக்கு அது நித்திய அனுஷ்டானமாயிற்று. லண்டனின் ஏழைகள் குடியிருப்பில் தொண்டு செய்துவந்த நாட்களில், 1898-இல், க்ஷயரோகம் அவரைப் பற்றிக்கொண்டது. நார்வேயிலும் சுவிட்ஸர்லாந்தின் டாவோஸ் மலைவாசத்திலும் நெடுநாள் தங்கி உடம்பைத் தேற்ற வேண்டியதாயிற்று. பனிபடர்ந்த நிலமும் அதன்மேல் விழும் வெயிலும் அவருக்கு முதன்முதல் நெருங்கிப் பழக்கமானது இந்த நோய்க்காலத்தில்தான். நோயாளியாய்ப் போனவர் பனியைப் பார்க்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்.

1901-இல் காப்டன் ஸ்காட்டின் தலைமையில் ‘டிஸ்கவரி’ கப்பல் தென் துருவத்துக்குப் புறப்பட்டபோது, அதில் இளைய வைத்தியர், பிராணி சாஸ்திரி, சித்திரக்காரர் என்ற மூன்று பதவிகளையும் ஒருவராகவே வகித்துச் சென்றார் வில்சன். கப்பல் கிளம்புவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னால்தான் ஓரியானா ஸூப்பர் என்னும் பெண்மணியை மணந்திருந்தார். மறு ஆண்டு நவம்பரில் ஸ்காட், ஷாக்கிள்டன், வில்சன் ஆகிய மூவரும் பெரும் பனியரணின்மீது தெற்கு நோக்கி வண்டி இழுத்துச் சென்ற யாத்திரை, மனிதன் அதுவரை எட்டாத இடமாகிய 82 பாகைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது. மேற்கே, எந்தத் தேசப்படத்திலும் இல்லாத மலைத்தொடர் நாளுக்கு நாள் புதிது புதிதாக எழுந்து வந்தது. பகல் முழுவதும் வண்டியிழுத்துக் களைத்த மற்றவர்கள் கூடாரத்துக்குள் ஒடுங்கும் வேளையில், அதன் வாயிலில் அமர்ந்து அந்த மலைகளைச் சிகரம் சிகரமாக, பிளவு பிளவாக வில்சன் வரைந்துகொண்டிருப்பார். அந்தக் கோடுகளில் தெரிந்த விகிதங்களை ஸ்காட் ஒரு சமயம் கோணமானியால் அளந்து சோதித்துப் பார்த்தார். சித்திரமும் அளவும் ஒத்திருந்தன என்பதை வியப்போடு பதிவு செய்திருக்கிறார். கருவியின் துணையின்றிக் கண் ஒன்றையே நம்பி, அதுவும் பசியும் ஸ்கர்வி நோயும் உடம்பை அரித்துக்கொண்டிருந்த நிலையில், ஒரு மனிதன் இவ்வளவு நேர்மையாக வரைந்தான் என்பது சித்திரக்கலையின் சரித்திரத்திலும் குறித்து வைக்கத்தக்க செய்தியாகும்.

இந்த நேர்மைக்குக் கண்களே விலை கொடுத்தன. பனியில் எதிரொளிக்கும் சூரியனைக் கறுப்புக் கண்ணாடியின்றி நெடுநேரம் பார்ப்பவர்களுக்கு, கண்ணில் மணலைக் கொட்டித் தேய்த்தாற்போன்ற கடும் வலியோடு பார்வை சில நாட்கள் மறைந்துவிடும். கண்ணாடி அணிந்தால் வர்ணம் தெரியாது. ஆதலால் வரையும்போது வில்சன் அதைக் கழற்றி வைத்துவிடுவார். 1902 டிசம்பர் கடைசி வாரத்தில் அந்நோய் அவரைத் தாக்கிய வேகத்தில், இரு கண்களையும் துணியால் கட்டிக்கொண்டே அவர் வண்டியை இழுத்து நடக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களிலேதான் எதிரே புதிய சிகரங்கள் தோன்றலாயின. ஸ்காட் பக்கத்தில் நடந்தபடியே அவற்றை அவருக்கு வர்ணித்துக்கொண்டு வந்தார். கட்டுக்குள் இருந்த கண்களுக்கோ வேறு காட்சிகள் வந்தனவாம்: சொந்த ஊரின் பீச் மரக் காடுகளில் கோடை வெயிலில் நடப்பதாகவும், பனிச்சறுக்குக் கட்டைகள் பனியில் உரசும் ஓசை காலடியில் சருகு புரளும் ஓசையாகவும் தோன்றியதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இவ்வளவு நுட்பமாகக் கேட்கவும் நினைக்கவும் தெரிந்தவருக்கு, கட்டை அவிழ்த்த பிறகு கண்ட மலை எத்தகைய மலையாய் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1904-இல் அவர் திரும்பி வந்ததும் லண்டனில் புரூட்டன் காட்சிசாலையில் வைக்கப்பட்ட சித்திரங்களைப் பார்க்க ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தென்துருவம் வெறும் வெண்மை என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்தக் கண்காட்சி புதுக் கண்களைத் தந்தது என்றே கூற வேண்டும். அதற்கடுத்த சில ஆண்டுகளை அவர் பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் செலவிட்டார். அங்கே ‘கிரௌஸ்’ என்னும் காட்டுக் கோழிகள் கூட்டங் கூட்டமாக மாண்டுபோனதற்குக் காரணம் காண அமைந்த விசாரணைக் குழுவுக்காகச் சுமார் 2,000 பறவைகளை அறுத்துச் சோதித்து, குடலில் வாழும் நுண்ணிய புழுவே அம்மரணங்களுக்கு மூலம் என்று நிறுவினார். ரஸிகர்கள் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். பருவத்துக்குப் பருவம் மாறும் இறகின் செம்மையையும் பழுப்பையும் வரி வரியாக எழுதியும் தீட்டியும் பழகிய அந்த வருஷங்களின் பயிற்சி, பின்னால் பனிவானத்தின் மிக மெல்லிய பேதங்களைப் பிரித்தறியும் திறமையாகப் பலித்தது என்பது என் துணிபு.

1910 ஜூனில் ‘டெர்ரா நோவா’ கப்பல் மீண்டும் தெற்கே புறப்பட்டபோது அவர் விஞ்ஞானிகள் குழுவின் தலைவர். ரோஸ் தீவில், எரபஸ் எரிமலையின் அடிவாரத்தில், கேப் எவன்ஸ் என்னுமிடத்தில் மரக்குடில் அமைத்து எல்லாரும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஏப்ரல் கடைசியில் மறைந்த சூரியன் ஆகஸ்டு கடைசியில்தான் மீண்டும் தலைகாட்டும். அந்த நான்கு மாத இருளில், இரவுதோறும் சோர்ந்துவிடாமல் இருக்க, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி உபந்நியாசம் செய்ய ஏற்பாடாயிற்று. வில்சன் பறவைகளைப் பற்றிப் பேசினார். இன்னொரு நாள் சித்திரம் வரைவதைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சின் சாரத்தை ஸ்காட் தம் நாட்குறிப்பில் குறித்து வைத்திருப்பது நம் பாக்கியம். குளிரில் வர்ணச் சுண்ணங்களைவிடப் பென்சிலும் எழுத்துமே ஏற்றவை என்பதை முதலில் விளக்கிவிட்டு, பொருளற்ற கோடு ஒன்றுகூட இருக்கலாகாது, ஒவ்வொரு கோடும் கண்டறிந்ததன் பயனாய் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறார். தோழர்கள் வரைந்து தம்மிடம் காட்டிய படங்களிலுள்ள பொதுவான குற்றத்தையும் எடுத்துச் சொன்னார். எதிரே நிற்கும் பனிமலையை ஒருவன் உற்றுப் பார்த்து உண்மையாகவே வரைகிறான். ஆனால் கடலும் வானமும் எங்கும் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று அவற்றைப் பிற்பாடு நினைவிலிருந்து போட்டுக்கொள்ளலாமென விட்டுவிடுகிறான். இயற்கையின் ஒத்திசைவு ஊகத்துக்குக் கட்டுப்படாது. மலைக்கு நிறம் தருவது அன்றைய வானம், கடலுக்கு நிறம் தருவதும் அதுவே. ஒன்றைப் பார்த்து எழுதி மற்றொன்றை ஊகித்தால் இரண்டுமே பொய்யாகும்.

சித்திரம் பழகுகிற நம் இளைஞர்கள் இந்த ஒரு கருத்தை மனத்தில் ஊன்றிக்கொண்டால் எத்தனையோ வீண் முயற்சி மிச்சமாகும். நேரில் வரைந்தால் உண்மை, நினைவிலிருந்து வரைந்தால் பொய் என்று அவர் பிரிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தாமே குடிலுக்குள் இருந்து தீட்டியவரன்றோ! பார்க்கும்போதே தீர்மானித்து எழுதியது ஒரு நினைவு. பார்க்காததை வழக்கத்தால் நிரப்புவது வேறொரு நினைவு. முன்னதை அவர் சாட்சியாக ஏற்றார். பின்னதை அறவே விலக்கினார்.

அவ்விருள்காலத்துக்குச் சற்று முன்னும் பின்னும் அவர் கண்டு, குடிலின் அஸிட்டிலின் விளக்கடியில் தீட்டி முடித்த வானக் காட்சிகளையே நான் அவருடைய சிருஷ்டியின் சிகரமாகக் கருதுகிறேன். சூரியன் அடிவானத்துக்குக் கீழே நெடுந்தூரம் போகாமல் அதன் ஓரமாகவே ஊர்ந்து செல்வதால், நம் நாட்டில் சில நிமிஷங்களில் முடிந்துவிடும் அந்திப் பொழுது அங்கே மணிக்கணக்கில் நீடிக்கிறது. வில்சன் அந்த நெடிய அந்தியைத் தீட்டுகிற விதம் பார்க்கத் தக்கது. அடிவானத்தில் எலுமிச்சை மஞ்சளின் மெல்லிய கீற்று. அதன்மேல் வெளிறிய ரோஜா. அதற்கும் மேலே ஊதாவும் பசுமையும் கலந்த, பெயர் சொல்லத் தயங்க வைக்கும் ஒரு நிறம். இவற்றின் கீழே பனிவெளி, வானத்திலிருந்து கடன் வாங்கிய நீலமும் ஊதாவுமாக விரிந்து கிடக்கும். இவற்றில் பெரும்பாலான இடங்களில் வெண்மை என்று சொல்லத்தக்கது காகிதத்தின் வெண்மைதான். அதுவும் ஒளி நேரே படும் முகட்டில் ஒரு சிறு கீற்றாக விட்டு வைக்கப்பட்டிருக்கும். வர்ணத்தை அள்ளி வீசுவதில்லை. நீர் மிகுந்த, மிக மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, அடியிலுள்ள தாள் மூச்சுவிடும்படி விட்டிருக்கிறார். ஆடம்பரத்துக்கு இவ்வளவு இடமுள்ள வானத்தின் முன் நின்று இவ்வளவு அடக்கம் காட்டுவது பெரிய சித்திரக்காரர்களுக்கும் எளிதில் கைவராத சித்தி.

சந்திரனைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்று நம் கிராமங்களில் சொல்வார்களே, அந்தப் பரிவேஷம் தென் துருவத்தில் எடுக்கும் வடிவங்கள் பல. காற்றில் மிதக்கும் ஆறு பட்டைப் பனித்துகள்களில் ஒளி நுழைந்து வளைவதால், சூரியனையோ சந்திரனையோ சுற்றி 22 பாகை தூரத்தில் ஒரு வட்டமும், சில சமயம் 46 பாகையில் இன்னொரு வட்டமும், வட்டத்தின் இரு பக்கங்களிலும் போலிச் சூரியர்களும் போலிச் சந்திரர்களும் தோன்றும். வட்டத்தின் உட்புறம் செம்மை சார்ந்தும் வெளிப்புறம் வெளிறியும் இருக்கும். வில்சனுடைய பரிவேஷச் சித்திரங்களை வானிலை நூலார் ஒரு சான்றுப் பத்திரம்போல் ஆராயலாம். வளைவுகளின் இடம், வர்ணங்களின் வரிசை எல்லாம் அந்த நம்பிக்கைக்கு உரியவை. பல சித்திரங்களில் தேதியையும் இடத்தையும் பார்த்த திசையையும் குறித்திருக்கிறார். 1911 ஆகஸ்டில் கேப் எவன்ஸிலிருந்து வடக்கு நோக்கித் தீட்டிய வானவில் நிற மேகங்கள் அவ்வாறு குறிப்பு எழுதப்பட்டவை. ஆயினும் அவற்றின் முன் நிற்கும்போது சான்று என்ற நினைப்பு வருவதில்லை. பரந்த வானத்தின் ஒழுங்கும், அதன் கீழே ஓர் ஓரத்தில் சிறுத்துத் தெரியும் மனித உருவமும் நம்மைப் பேச்சற்றவர்களாக்குகின்றன. ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தரான வில்சனுக்கு இயற்கையைத் துல்லியமாக வரைவது துதியின் ஒரு வகையாகவே இருந்தது. பொய்யாய் ஒரு கோடு இழுப்பது தெய்வத்தின்மீது பொய்ச்சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும் என்னும் அச்சம் அச்சித்திரங்களில் ஓடுவதாக நான் உணர்கிறேன்.

அதே குடிலில் ஹெர்பர்ட் பாண்டிங் என்னும் மிகச் சிறந்த புகைப்படக் கலைஞரும் இருந்தார். பனிக்குகையின் உள்ளிருந்து கப்பலைக் காட்டும் அவருடைய படம் உலகப் பிரசித்தம். ஒளியையும் நிழலையும் ஆள்வதில் அவருக்கு இணை சொல்வது அரிது. எனினும் அக்காலத்துப் புகைப்படம் பெரும்பாலும் கறுப்பும் வெளுப்புமே. பனியின் உருவத்தை அது தந்தது, நிறத்தைத் தர இயலவில்லை. இருவர் படைப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றவர்கள், பாண்டிங்கின் படத்தில் குளிர் கண்ணுக்குத் தெரிவதையும் வில்சனின் சித்திரத்தில் அந்த நாளின் பொழுது தெரிவதையும் காண்பார்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மனித உருவங்கள் அவர் கையில் அடிக்கடி விறைத்துப்போகின்றன. வண்டியிழுப்பவர்களின் முதுகும் காலும் பயிற்சி போதாத ஒருவர் வரைந்தவைபோல் தோன்றும் இடங்கள் உண்டு. மலைத்தொடர்களின் நீண்ட வரைபடங்கள் சிலவற்றில் விவரத்தின்மீதிருந்த அக்கறை, பார்வை எங்கே நிலைக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறது. ஆயினும், விஞ்ஞானத்துக்காக வரைந்தவர் என்ற சலுகை அவருக்குத் தேவைப்படுவதில்லை. இதே காலத்தில் ஜெர்மனியில் வாழ்ந்த எர்னஸ்ட் ஹெக்கல் என்ற உயிரியல் பேராசிரியரும் தேர்ந்த சித்திரக்காரர்தாம். 1881-இல் இலங்கைக்கு வந்து வெலிகமத்தில் தங்கி, கடல்வாழ் பிராணிகளைச் சேகரித்ததோடு தென்னஞ்சோலைகளையும் நீர்வர்ணத்தில் தீட்டிச் சென்றவர். 1899 முதல் 1904 வரை அவர் வெளியிட்ட ‘இயற்கையின் கலை வடிவங்கள்’ என்னும் நூலின் 100 படத்தாள்கள் ஐரோப்பியக் கட்டடக் கலையையும் நகை வேலைப்பாட்டையும்கூடப் பாதித்தன. அழகில் அவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் இயற்கை தராத சமச்சீரைச் சில இடங்களில் ஹெக்கலின் கை தானே வழங்கிவிடுகிறது. தம் கொள்கைக்கு ஏற்ற வடிவத்தை அவர் பிராணியினிடம் எதிர்பார்த்தார். பிராணி தரும் வடிவத்துக்காக வில்சன் காத்திருந்தார். இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் நான் தயங்காமல் வில்சனையே கொள்வேன்.

ஆச்சரியம் என்னவென்றால், ஹெக்கல் பரப்பிய ஒரு கொள்கையே வில்சனை அவர் வாழ்வின் மிகக் கடுமையான யாத்திரைக்கு இழுத்துச் சென்றது. கரு வளரும்போது அந்த இனத்தின் பூர்விகச் சரித்திரத்தை மீண்டும் நடித்துக் காட்டுகிறது என்பது அந்தக் கொள்கை. பெங்குவின் பறவைகளில் பழமையானதாகக் கருதப்பட்டதால், சக்கரவர்த்திப் பெங்குவினின் கருவைச் சோதித்தால் பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் உள்ள தொடர்பு வெளிப்படும் என்று நம்பினார்கள். அப்பறவை நடுக்குளிர்காலத்தில்தான் முட்டையிடுகிறது என்பதை ஊகித்தவரும் வில்சனே. ஆகவே 1911 ஜூன் 27-ஆம் தேதி, பௌவர்ஸ், செர்ரி-கெரார்ட் ஆகிய இரு தோழர்களுடன், முழு இருளில், சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த கேப் குரோஸியருக்கு அவர் புறப்பட்டார். பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி சென்டிகிரேடுக்கும் இறங்கிய குளிரில், போய்ச் சேர மட்டும் 19 நாட்கள் பிடித்தன. அங்கே கல்லால் கட்டிய குடிசையின் கூரையைப் புயல் பிய்த்தெறிந்தது. கூடாரமும் பறந்துபோய்ப் பிறகு தெய்வச் செயலாய்க் கிடைத்தது. அந்தப் புயலுக்கு நடுவே வில்சனுக்கு 39 வயது நிறைந்தது. அடுப்பிலிருந்து தெறித்த கொதிக்கும் கொழுப்பு அவருடைய ஒரு கண்ணில் விழுந்து இரவெல்லாம் வாட்டியது. பொறுக்கிய ஐந்து முட்டைகளில் மூன்று மிஞ்சின. ஆகஸ்டு 1-ஆம் தேதி உயிரோடு திரும்பினார்கள். அந்த மூன்று முட்டைகளையும் ஆராய்ந்த அறிக்கை 1934-இல் வெளிவந்தபோது, அவர்கள் தேடிச் சென்ற தொடர்பு அவற்றில் இல்லை என்றாயிற்று. கொள்கை பொய்த்தது, அந்த வழியில் கண்ட வானம் பொய்க்கவில்லை. கிட்டப்பார்வையுள்ள செர்ரி-கெரார்ட் குளிரில் கண்ணாடி அணிய முடியாமல், தலைக்குமேல் ஆடிய துருவ ஒளியைத் தம்மால் காண இயலவில்லை என்று எழுதுகிறார். அந்தப் பயணத்தைப் பற்றி 1922-இல் அவர் வெளியிட்ட நூலில் சேர்ந்துள்ள வில்சனின் சித்திரங்கள் அக்குறையை நம்மளவிலேனும் தீர்க்கின்றன.

1912 ஜனவரி 17-ஆம் தேதி ஸ்காட்டும் வில்சனும் இன்னும் மூவரும் துருவத்தை அடைந்தபோது, அமுண்ட்ஸன் தலைமையில் நார்வேஜியர்கள் அங்கே ஒரு மாதத்துக்கு முன்பே வந்துபோயிருந்தார்கள். உள்ளம் உடைந்துபோகத்தக்க அந்த நாட்களிலும் வில்சன் பென்சிலை எடுத்தார்; கறுப்புக் கொடியையும் பனியாலான அடையாள மேட்டையும், நார்வேஜியர் விட்டுச்சென்ற சிறு கூடாரத்தையும் வரைந்தார். தோல்வியின் சின்னத்தை வரைகிறோம் என்ற கசப்பு அந்தக் கோடுகளில் எங்கும் இல்லை. கூடாரத்தின் கயிறு எப்படி இழுத்துக் கட்டப்பட்டிருந்ததோ அப்படியே இருக்கிறது. திரும்பும் வழியில் பழைய கண்நோய் மறுபடியும் வருத்தியது. பிப்ரவரி 8-ஆம் தேதி பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில், மலைச்சரிவின் கற்குவியலில் தாவர இலைகளின் அச்சுப் பதிந்த பாறைகளைக் கண்டு, இறக்கும் தறுவாயிலிருந்த அம்மனிதர்கள் சுமார் 16 கிலோகிராம் கல்லைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். குளோஸாப்டெரிஸ் என்னும் தொல்தாவரத்தின் இலைகள் அவற்றில் இருந்தன. நம் தேசத்து ராணிகஞ்ச் நிலக்கரிப் பாறைகளில் அகப்படும் அதே தாவரம். கோண்டுகளின் நாட்டுப் பெயரைத் தாங்கிய கோண்டுவானா என்னும் பழம்பெரும் கண்டம் ஒரு காலத்தில் இந்தியாவையும் தென்துருவத்தையும் ஒன்றாய்க் கொண்டிருந்தது என்பதற்கு அந்தக் கற்கள் வலுவான சான்றாயின.

மார்ச் மாதக் கடைசியில், உணவுச் சேமிப்பு இருந்த இடத்துக்கு 11 மைல் தூரத்தில், ஸ்காட், பௌவர்ஸ் இருவரோடும் வில்சன் கூடாரத்துக்குள் உயிர்நீத்தார். நவம்பர் 12-ஆம் தேதி தேடி வந்தவர்கள் அக்கூடாரத்தைக் கண்டு, உடல்களை அங்கேயே பனிக்குள் அடக்கம் செய்துவிட்டு, நாட்குறிப்புகளையும் கற்களையும் வில்சனின் கடைசி ஏடுகளையும் எடுத்து வந்தார்கள். அந்தக் கடைசிப் பென்சில் படங்களுக்குரிய வர்ணங்களைக் குழைக்க அவர் இல்லை. அவை கோடுகளாகவும் குறிப்புகளாகவுமே நின்றுபோயின. அவற்றை நிறைவுறாதவை என்று ஒதுக்குவோர் உண்டு. முடிந்த சித்திரங்களுக்குச் சமமாக அவற்றையும் வைத்துப் போற்ற வேண்டும் என்பது என் தீர்ப்பு; ஏனெனில், பார்த்தல் என்னும் பெரிய காரியம் அவற்றில் முழுமையாக நடந்தேறிவிட்டது.

செல்டனாம் நகரின் பெருவீதியில் அவருக்கு 1914-இல் நிறுவிய சிலை, ஸ்காட்டின் விதவையும் சிற்பியுமான காத்லீன் ஸ்காட் செய்தது; அவ்வூர் அருங்காட்சியகம் இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சித்திரங்களில் பெரும்பகுதி கேம்பிரிட்ஜிலுள்ள ஸ்காட் துருவ ஆராய்ச்சி நிலையத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்விக்காகவோ உத்தியோகத்துக்காகவோ அந்தப் பக்கம் போகும் தமிழ் அன்பர்கள், அவ்விடங்களுக்கு அவசியம் ஒரு பகற்பொழுதை ஒதுக்க வேண்டுகிறேன். போகும்போது முடிந்த சித்திரங்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எழுத்து நிறைந்த அந்தப் பென்சில் ஏடுகளையும் காண முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.